பத்து ஆட்டத்துக்கு அறுபத்தொரு செக்கன்

காற்று எழும்புமுன் தொடங்க வேண்டிய வேலை.
ஐந்தரைக்கே மட்டக்குளி ஆற்றுவாய்க்கு வந்துவிட்டேன்.
ஒரு தூக்குக்குண்டு, இரண்டு மீற்றர் நூல்,
எண்ணெய் ஊற்றிய பழைய பெயின்ற் வாளி,
மரக்கோல், பென்சில், நிறுத்தற்கடிகாரம்.
கடலோடு கதைக்க
என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

வெளியே தரித்து நிற்கும் கப்பல்களுக்கு
வெங்காயமும் டீசலும் மாலுமிகளும் ஏற்றிய படகு.
இப்போது அதற்கு மேலே ஒரு தட்டு,
தட்டின் மேல் தகரக்கூரை,
கூரையின் மேல் ஐந்நூறு லீற்றர் தண்ணீர்த் தாங்கி.
விலாவில் மூன்று பூச்சு நீலம்,
அதில் மஞ்சளாய் ஒரு புதுப்பெயர்: தலவில அன்னா.
"மிஸ், பெயின்ற்றும் நிறையா?"
சிரித்தபடி கேட்டார் லம்பர்ட் கொறாயா.
பெயின்ற்றும் நிறைதான்.

ஒரு பயணி எழுபத்தைந்து கிலோ என்பது தாளில் உள்ள கணக்கு.
மணல்மூட்டைகளை ஏற்றிப் பார்த்தோம்.
மூட்டைகள் நல்ல பயணிகள்.
வைத்த இடத்தில் இருக்கும்,
செல்பி எடுக்காது,
"அந்தா டொல்பின்!" என்று எவனோ கத்தினால்
ஒரே பக்கம் பாயாது.

அதனால்தான் ஆட்களும் கேட்டிருந்தேன்.
இருபத்துநான்கு பேர்,
அரைநாள் கூலி, மாலுபாண், தேநீர்.
ஐஸ் தொழிற்சாலையில் இரவுமுறை முடித்த முஸம்மில்,
அவனுடைய மூன்று மச்சான்மார்,
கொள்கலன் எண்ணும் தர்மரட்ணம்,
கருவாட்டுக் கொட்டிலிலிருந்து பெட்ரீஷியாவும் கூட்டமும்.
யாருடையதோ ஒரு நாயும் ஏறிக்கொண்டது.
அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கயிறுகளைத் தளர்த்தினோம்.
எல்லோரும் கீழ்த்தட்டில்.
ஓரத்தில் நால்வர் மிதித்து மிதித்து ஆட்டிவிட்டு
அசையாமல் நின்றார்கள்.
பத்து ஆட்டம், முப்பத்துநான்கு செக்கன்.
வகுப்பில் தன் பெயர் கேட்ட பிள்ளைபோல
ஒவ்வொரு முறையும் வெடுக்கென நிமிர்ந்தது.

பிறகு பன்னிரண்டு பேரை மேலே ஏற்றினேன்.
பத்து ஆட்டம்,
அறுபத்தொரு செக்கன்.

"பாருங்கோ மிஸ், தொட்டில் மாதிரி!
ஒருத்தருக்கும் வாந்தி வராது" என்றார் கொறாயா.
உண்மை. வராது.
ஆனால் சாய்ந்த பக்கத்தில் ஒவ்வொரு தடவையும்
ஒரு கணம் கூடுதலாக நின்று
திரும்புவதா விடுவதா என்று
படகு யோசித்தது.
அதை எந்தச் சொல்லால் அவருக்குச் சொல்வது?

என் நிரலில் மழை இல்லை.
துறைமுகப் பாரந்தூக்கிகளை மறைத்தபடி
தென்மேற்கிலிருந்து சாய்வாய் வந்து அடித்தது.
மேலே நின்றவர்கள் நனையாத பக்கம் ஒதுங்கினார்கள்.
யாரும் ஓடவில்லை.
நாலு அடி.
பஸ் தரிப்பிடத்தில் நாம் ஒதுங்குகிற அதே நாலு அடி.

நூல் என் பென்சில் கோடுகளை எல்லாம் தாண்டி
வாளியின் விளிம்பைத் தொட்டது.
தொட்டுக்கொண்டே நின்றது.

முஸம்மிலின் சிரிப்பு பாதியில் நின்றது.
தேநீர்க் கோப்பை ஒன்று தட்டின் குறுக்கே
தன்பாட்டில் உருண்டு போனது.
முதலில் நடுவுக்கு வந்தது நாய்தான்.
"நடுவுக்கு வாங்கோ, ஒவ்வொராளா...
ஹெமின், ஹெமின்."
எனக்கு இப்படியொரு தாழ்ந்த குரல் இருப்பது
எனக்கே தெரியாது.

கோபித்தபடி திரும்பி வருகிற ஆளைப்போல
மெல்ல, மிக மெல்ல நிமிர்ந்தது தலவில அன்னா.
தலைக்கு மேல் தாங்கிக்குள்
பாதித் தண்ணீர் இன்னும் அலைந்துகொண்டிருந்தது.
அதுவும் அவர்களோடு ஒதுங்கியிருந்தது.

கரையில் கூலி கொடுத்து முடிந்தது.
பெட்ரீஷியா காசை எண்ணாமலே மடித்துச் செருகினாள்.
ஈரத்தாளில் எழுத எழுத மை ஊறியது.
"தட்டைக் கழற்றினால் பத்தொன்பது பேர்" என்றேன்.
"எங்கட வீட்டிலேயே இருபத்தொரு பேர் மிஸ்."
"கடல் வடிவாய்த் தெரியிறது மேலேயிருந்துதானே."
நான் பதில் சொல்லவில்லை.
வாளியிலிருந்த எண்ணெயைப் போத்தலில் ஊற்றினேன்.

கொஞ்ச நேரம் சும்மா நின்றார்.
பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத்
தனியாகக் கூரைக்கு ஏறி
தாங்கியின் குழாயைத் திறந்தார்.
நீல விலாவில், மஞ்சள் எழுத்துக்களின் மேல்
நெடுநேரம் தண்ணீர் வடிந்தது.

நீர்க்கோடு ஒரு சென்ரிமீற்றர் மேலே வந்தது.
அதையும் குறித்துக்கொண்டேன்.